முழிச்சிடுச்சு

ஈரத்துணியை விலக்காமல் அதன் மேலேயே முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுத்தாள். முதலில் துணிதான் மணத்தது. வெயிலில் காய்ந்து மறுபடி நனைக்கப்பட்ட பருத்தியின் சாதுவான மணம். அதற்குக் கீழே வாழைப்பழம். எப்போதும் வாழைப்பழம்தான் முதலில் வாயைத் திறக்கும், எவர் பேச்சையும் கேட்காமல் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிற சித்தப்பா மாதிரி. அதன் தோளுக்குப் பின்னாலிருந்து அன்னாசி எட்டிப் பார்த்தது. ஆப்பிள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில், சுண்டக் காய்ச்சி ஆறவைத்த பாலும் அடித்து நுரைத்த க்ரீமும் யார் வம்புக்கும் போகாமல் குளிர்ந்து கிடந்தன. தனித்தனியாக எல்லாம் இருந்தன. சேர்ந்து எதுவும் வரவில்லை. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்து, யாரும் கவனிக்காதபடி தலையை லேசாக அசைத்தாள். இன்னும் இல்லை.

"தூங்குது, தூங்குது. யாரும் தொந்தரவு பண்ணாதீங்க," என்று அப்பா பொதுவாக அறிவித்துவிட்டுக் கிண்ணங்களைத் துடைக்கப் போனார்.

அந்த விருந்து மண்டபத்தின் சமையற்கட்டில் அப்படித்தான் சொல்வார்கள். பழ க்ரீமைக் கலந்து, பெரிய பாத்திரத்தோடு ஐஸ் தொட்டிக்குள் இறக்கி, ஈரத்துணி போட்டு மூடிவிட்டால் அது தூங்கப் போய்விட்டது என்று அர்த்தம். உள்ளே பழங்கள் தங்கள் சாற்றை விட்டுக்கொடுக்கும், க்ரீம் அதை வாங்கிக்கொள்ளும். கொஞ்ச நேரம் ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டிருந்துவிட்டு ஓய்ந்துபோகும். கடைசியில் எந்தப் பழத்துக்கும் சொந்தமில்லாத ஒரு வாசனை துணியைத் தாண்டி எழுந்து வரும். அது வந்தால் முழித்துவிட்டது. அதற்கு முன்னால் திறந்தால், கிண்ணத்துக்குப் போன பிறகு பழம் நீர்விட்டு, க்ரீம் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிடும். தாமதித்தால் வாழைப்பழம் கறுக்கும். ஒருமுறைதான் திறக்கலாம். கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெயிலையும் பழத்தின் பக்குவத்தையும் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். மூக்குதான் சொல்ல வேண்டும். பழ மாஸ்டர் என்று பேர் வாங்கிய அப்பாவின் மூக்கு அதைத் தப்பாமல் சொல்லிக்கொண்டிருந்தது, போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து அதை எடுத்துக்கொண்டு போகும்வரை.

காய்ச்சல் போய்விட்டது. மூக்கு திரும்பி வரவில்லை. சோப்பு, பெட்ரோல், அடிப்பிடித்த பால் எல்லாம் அவருக்கு ஒன்றுதான், ஒன்றுமே இல்லை. இது வீட்டில் அம்மாவுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று அவள் நினைத்திருந்தாள். மேனேஜர் காதுக்குப் போனால் அடுத்த விருந்துக்கு வேறொரு மாஸ்டர் வந்து நிற்பான். ஒருநாள் புளித்துப்போன க்ரீமை அப்பா தெரியாமல் பாத்திரத்தில் ஊற்றப் போனார். மாத்திரை கொடுக்க வந்திருந்த அவள் வாசலிலிருந்தே "அப்பா!" என்று போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. மறுநாளிலிருந்து அவளைக் கூடவே கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். "சும்மாதானே இருக்கா, கைக்கு உதவியா இருக்கட்டும்," என்று மற்றவர்களிடம் சொன்னார். இருவருக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. முழித்ததும் அவள், "தண்ணி வேணுமாப்பா?" என்று கேட்க வேண்டும். அவர் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, பாத்திரத்தின் மேல் குனிந்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுப்பார். அந்த மூச்சில் காற்றைத் தவிர எதுவும் இருக்காது. பிறகு கண்ணைத் திறந்து, "முழிச்சிடுச்சு!" என்பார். அந்த நடிப்பைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வரும். அவளுக்கு அழுகை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

கோபத்துக்கு வேறு காரணங்களும் இல்லாமலில்லை. அப்பா வீட்டிலும் அம்மா வீட்டிலும் சேர்த்துப் பார்த்தாலும் பட்டம் வாங்கிய ஒரே ஆள் அவள். வேதியியல். சமையற்கட்டில் அவளுக்கு 'டிகிரி' என்றுதான் பேர். டிகிரி, அந்த எலுமிச்சையை எடு. டிகிரி, ஓரமா நில்லு, சூடு வருது. அதில் பெருமை பாதியும் கிண்டல் பாதியுமாக இருக்கும். எந்தப் பாதி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. படித்து முடித்த பொண்ணு என்ன பண்ணுகிறாள் என்று உறவில் யாராவது கேட்டால் அம்மா பேச்சை மாற்றுவாள். "மோந்து பாக்கற வேலை அத்தை. நாய்க்குக் குடுப்பாங்களே, அது," என்று ஒருநாள் அவளே பதில் சொல்லி, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இப்போது நிஜமாகவே ஒரு வேலை வந்திருந்தது. ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊரில், தண்ணீரைப் பரிசோதிக்கிற ஒரு கூடம். போனில் பேசிய அம்மையார், "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லிடுங்க, இல்லன்னா அடுத்த ஆளைக் கூப்பிடணும்," என்று சொல்லியிருந்தார். அந்த நாளை, இன்றைக்கு. அப்பாவிடம் அவள் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னாள். அம்மா தையல் மெஷினை மிதித்துக்கொண்டே, "போயிடுடி," என்றாள். "நான் போயிட்டா அப்பா?" என்றதும் மெஷின் நின்றது. எனவே முடியாது என்று சொல்லிவிடுவதாக அவள் தீர்மானித்திருந்தாள். அந்தத் தீர்மானத்தில் ஒரு கசப்பான சுகம் இருந்தது. காலம் பூராவும் சொல்லிக்காட்டலாம். உங்களாலதான். உங்க மூக்காலதான்.

மறுபடி குனிந்தாள். உயரத்து ஜன்னல் வழியாக இறங்கிய வெயில், அடுப்புப் பக்கத்து ஆவியில் பட்டு, பால் கலந்ததுபோல் மங்கலாக மிதந்தது. பாத்திரங்கள் மோதுகிற சத்தம், யாரோ யாரையோ திட்டுகிற சத்தம் எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் தூரமாகிவிட்டன. துணிக்குக் கீழே ஏதோ அசைந்தது. வாழைப்பழத்தின் குரல் தணிந்திருந்தது. பாகில் ஒரு கொதி விட்டு எடுத்த அன்னாசி (அப்படி எடுக்காமல் போட்டால் க்ரீம் கசந்து போகும், ஏன் என்று அவள் பரீட்சையில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாள்) தன் முள்ளையெல்லாம் உதிர்த்துவிட்டு மெத்தையில் சாய்ந்தாற்போல் இருந்தது. தேன் இருக்கும் இடம் இப்போதுதான் தெரிந்தது. மூக்கு வழியாக நுழைந்து ஒரு வீட்டுக்குள் நடந்து போகிற மாதிரி இருக்கும் அவளுக்கு: இந்த அறையில் திராட்சை, விளக்கில்லாமல்; அந்த அறையில் மாம்பழம், ஜன்னல் திறந்து; நடுக்கூடத்தில் மட்டும் இன்னும் யாரும் வரவில்லை. கல்லூரிக் கூடத்தில் எத்தனையோ குப்பிகளை முகர்ந்திருக்கிறாள். அவற்றின் பெயர்கள் அவளுக்குத் தெரியும். இந்த நடுக்கூடத்துக்கு வந்து சேர்கிறதற்கு மட்டும் பெயர் கிடையாது. பெயரில்லாத ஒன்றுக்காக இப்படிக் காத்து நிற்கும்போது அவளுடைய கோபம்கூடக் கொஞ்சம் கண்ணயரும். அது அவளுக்குப் பிடிக்கும். அது பிடிக்கிறது என்பது அவளுக்குப் பிடிக்காது.

மூலையில் பழம் நறுக்குகிற பப்பாளி அக்கா உட்கார்ந்திருந்தாள். பப்பாளியும் இந்தக் க்ரீமில் சேராது, கசக்கும். அது அக்காவுக்கும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு விருந்துக்கும் சந்தையிலிருந்து ஒரு பப்பாளியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, "இதையும் போடுங்க மாஸ்டர், பாவம், இது மட்டும் என்ன தப்பு பண்ணுச்சு?" என்று மல்லுக்கு நிற்பாள். "அது உள்ள வந்தா குடும்பத்தையே பிரிச்சிடும்மா," என்பார் அப்பா. "எங்க நாத்தனார் மாதிரின்னு சொல்லுங்க," என்று அவளே அதை வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுப்பாள். இன்று அவள் பக்கத்தில் ஒரு பழக்கூடையில் பழைய புடவை விரித்து ஒரு குழந்தை கிடந்தது. மேடைக்குப் பூ அலங்காரம் செய்ய வந்த பெண்ணின் குழந்தை. மேலே ஆணி அடிக்கிற சத்தத்தில் தூங்க மாட்டேனென்கிறது என்று, "கொஞ்ச நேரம் பாத்துக்கோங்கக்கா," என்று விட்டுப் போயிருந்தாள். அக்கா ஒரு கையால் திராட்சையைக் கிள்ளிக்கொண்டே மறு கையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

மேலே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. விருந்தாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பரிமாறுகிறவர்கள் கதவோரம் வந்து தட்டுகளோடு நின்றார்கள். அப்பா தொட்டிக்கு முதுகைக் காட்டியபடி கடைசி வரிசைக் கிண்ணங்களைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அடடா, முழிச்சிடுச்சு!" என்றாள் பப்பாளி அக்கா.

அப்பா துணியைத் தோளில் போட்டார். திரும்பினார். மகள் பக்கம் பார்க்கவே இல்லை. நேராகத் தொட்டிக்கு வந்து, குனிந்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தார். "முழிச்சிடுச்சு! கிண்ணத்தை எடுங்கப்பா!" என்று குரல் கொடுத்துவிட்டு ஈரத்துணியின் ஓரத்தைப் பிடித்தார்.

தண்ணி வேணுமா என்று அவள் கேட்கவில்லையே. துணியின் ஓரம் தூக்கியதில் எழுந்து வந்தது நடுக்கூடம் அல்ல; வாழைப்பழமும் தேனும் தனித்தனியாக, தூக்கம் கலையாத முகங்களோடு. எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அப்பா. தூங்குது."

கதவோரத்தில் பேச்சு நின்றது. அந்த அமைதியில் கூடைக்குள்ளிருந்து முதலில் ஒரு சிணுங்கல் வந்தது, பிறகு முழு அழுகை. பப்பாளி அக்கா குழந்தையை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நாக்கைக் கடித்தாள். அப்பா கூடையைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். மகளின் பிடியிலிருந்த தன் கையைப் பார்த்தார்.

"ஓ, இதுவா," என்றார் மெதுவாக. பிறகு துணியை ஓரம் ஓரமாக இழுத்துச் செருகிவிட்டு, கதவுப் பக்கம் திரும்பிச் சிரித்தார். "ஒண்ணுமில்லப்பா. பொரண்டு படுத்துச்சு. இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்."

"மாஸ்டருக்கே தூக்கம் வந்துடுச்சு போல," என்றான் ஒருவன். சிரித்துக்கொண்டே தட்டுகளை இறக்கி வைத்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. பப்பாளி அக்கா குழந்தையைத் தட்டிக்கொண்டே பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் நழுவுவதைப் பார்த்து, பின்னாலேயே போனாள்.

"அக்கா, நீங்க குரல் குடுத்தீங்க. அவர் வந்து தொறந்தாரு."

"நான் கொழந்தையச் சொன்னேன்டி."

"அது தெரியுது. இத்தனை நாளா எதைச் சொல்லிட்டிருந்தீங்க?"

அக்கா குழந்தையின் கழுத்து வியர்வையை முந்தானையால் ஒற்றினாள். பிறகு, "கண்ண உருட்டாத. நீ வர்றதுக்கு முன்னாடி இங்க யாரு இருந்தாங்கன்னு நெனச்ச? காய்ச்சல்ல படுத்து எந்திரிச்சு வந்த மொத நாளே தெரிஞ்சு போச்சு. பால் அடிப்பிடிக்குது, மனுசன் பக்கத்துல நின்னு பாட்டு முணுமுணுக்கறாரு. அதுலருந்து நான்தான் அப்படி இப்படிப் போறப்போ, 'ஆஹா, முழிச்சிடுச்சு போலருக்கே மாஸ்டர்'னு ஒரு வார்த்தை போட்டுட்டுப் போவேன். நான் இல்லன்னா அடுப்பு மாஸ்டர் போடுவாரு. நாங்க ஏன் சொல்றோம்னு அவரும் கேக்கல, நாங்களும் சொல்லல," என்றாள்.

"அன்னைக்கு க்ரீம் புளிச்சுதே?"

"அன்னைக்கு நான் பல்லு புடுங்கப் போயிருந்தேன்."

"மேனேஜர்?"

"அவனுக்குச் சளி புடிக்காத நாளு உண்டா? அவன் மூக்கு மூஞ்சிக்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான்."

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். அவளுக்குக் காது சூடானது. "அப்ப நான் எதுக்கு? தினமும் வந்து லூசு மாதிரி குனிஞ்சு குனிஞ்சு மோந்துட்டு? எல்லாரும் கூட்டு சேந்து நல்லா ஏமாத்தியிருக்கீங்க."

"யாருடி ஏமாத்துனது?" அக்காவின் குரலும் ஏறியது, குழந்தைக்காகத் தணித்துக்கொண்டாள். "படிப்ப முடிச்சிட்டு வீட்ல உக்காந்து சுவத்தையே பாத்துட்டிருந்தியாம். சோறு போட்டா தட்டையே பாப்பியாம். 'எம்பொண்ணு பேசவே மாட்டேங்கறா, இங்க கூட்டியாந்தா நாலு பேரத் திட்டவாவது செய்வா'ன்னு மனுசன் எங்ககிட்ட வந்து நின்னாரு. வந்து எங்க எல்லாரையும் திட்டுனியா இல்லியா?"

குழந்தை அக்காவின் தோளில் வாயை வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அவள் அதை நிறுத்தினாள். அப்பாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பதாக அவள் நினைத்திருந்தாள். அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பதாக அவர் நினைத்திருந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து, தோள் வலிக்கிறது என்று யாரிடமும் சொல்லாமல், தினமும் ஒரே பஸ்ஸில் வந்து போயிருக்கிறார்கள். கோபத்தைத் தூக்கி எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவளுக்கு. உங்களாலதான் என்று சொல்ல இனி ஆள் இல்லை.

ஐஸ் தொட்டிக்குத் திரும்பினாள். அப்பா கரைந்துபோன ஐஸை அள்ளி வெளியே போட்டுவிட்டுப் புதுக்கட்டிகளைச் சுற்றிலும் அடுக்கிக்கொண்டிருந்தார். அவளும் ஒரு கட்டியை எடுத்து வைத்தாள். கொஞ்ச நேரம் இருவரும் அதையே செய்தார்கள்.

"எனக்கு வேலை வந்திருக்கு," என்றாள், ஐஸைப் பார்த்தபடி.

"தெரியும்மா."

"அம்மா சொன்னாங்களா?"

"உங்கம்மா மெஷின் நின்னுதே. அது நடுவுல நிக்காது. நீங்க பேசினதும் கேட்டுது, காது நல்லாத்தான் இருக்கு எனக்கு."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்." அவர் விரல்கள் சிவந்திருந்தன. உதறிக்கொண்டார். "பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம்?" பட்டென்று வந்தது.

"சரி."

அந்த 'சரி'யைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திருப்பி ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் பாட்டுக்கு ஐஸ் அடுக்கினார். கொஞ்சம் பொறுத்து, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "நான் மொத நாள் இங்க வந்தப்போ செருப்ப எங்க விடறதுன்னு தெரியல. யாரக் கேக்கறது? கையிலயே புடிச்சிட்டு நின்னேன். பெரிய மாஸ்டர் வந்து, 'செருப்பு விக்க வந்தியா'ன்னாரு," என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தார்.

அவள் குனிந்தாள். முகர்வதற்காக அல்ல, முகத்தை மறைப்பதற்காக. தன் கோபத்தை ஒவ்வொரு மடிப்பாக விலக்கிக்கொண்டே போனால் அடியில் ஒன்று குளிர்ந்து கிடந்தது. யாரிடமும் கேட்க முடியாத கேள்விகள். அவளுக்கு முன்னால் அந்த மாதிரி ஒரு கட்டடத்துக்குள் யாரும் போய் உட்கார்ந்து எழுந்து வந்து, அது அப்படியிருக்கும் இது இப்படியிருக்கும் என்று வீட்டில் வந்து சொன்னதில்லை. இங்கே அவளுக்கு எல்லாம் தெரியும்; எந்தக் கத்தி யாருடையது, எந்தக் குழாய் ஒழுகும். அங்கே அவளுக்குக் கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா என்பதுகூடத் தெரியாது. அப்பாவின் மூக்கு ஒரு நல்ல காரணம். கௌரவமான காரணம். அதைப் போர்த்திக்கொண்டு அவள்தான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்போது அது வந்தது. எச்சரிக்கை எதுவும் கொடுக்காமல், துணி முழுவதிலிருந்தும் ஒரே சமயத்தில். வாழைப்பழம் இல்லை, மாம்பழம் இல்லை, பால் இல்லை. எல்லா அறைகளின் கதவுகளும் திறந்து எல்லோரும் நடுக்கூடத்துக்கு வந்து நின்றுவிட்டார்கள். பிறந்த குழந்தையின் உச்சந்தலையில், மழை விட்ட பின் திறக்கிற ஜன்னலில், இனிப்பான எதையோ தின்றுவிட்டுத் தூங்கிப்போனவர்களின் மூச்சில் கொஞ்சம் கொஞ்சமாக இருப்பது எல்லாம் சேர்ந்து ஒன்றாக எழுந்து அவள் கன்னத்தைத் தொட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா தன் பக்கத்தில் அசையாமல் நிற்பது தெரிந்தது. அவர் தண்ணீருக்காகக் காத்திருந்தார்.

தண்ணி வேணுமா என்று அவள் கேட்கவில்லை. நிமிர்ந்து, கதவுவரைக்கும் கேட்கிற குரலில், "அப்பா, முழிச்சிடுச்சு!" என்றாள்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாருக்கும் அது செய்தியாகவே இல்லை. "டிகிரி சொல்லிட்டா, எடுங்கப்பா," என்று அடுப்புப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. தட்டுகள் வரிசையாக நகர்ந்தன. அப்பா ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு, குனியாமல், கண்ணை மூடாமல், மூச்சு எதையும் இழுத்துக் காட்டாமல், துணியை ஒரே வீச்சில் எடுத்துவிட்டுக் கரண்டியை உள்ளே விட்டார்.

அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பின்கதவைத் திறந்து வெளியே வந்தாள். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. போனை எடுத்து நேற்று வந்த எண்ணை அழுத்தினாள். மணி அடிக்க ஆரம்பித்ததும், என்ன சொல்வது என்று எதுவுமே யோசித்து வைக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. வைத்துவிடலாமா என்று நினைத்தபோது எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ, சொல்லுங்கம்மா. வர்றீங்களா?"

"மேடம்," என்றாள். "ஒண்ணு கேக்கணும். அங்க மத்தியானம் எல்லாரும் எங்க உக்காந்து சாப்பிடுவாங்க?"

அந்த அம்மையாரின் குரல், இளகி, "சாப்பாட்டுக்கா? மாடியில ஒரு ரூம் இருக்கும்மா. ஜன்னலோரம் நல்லா காத்து வரும். சிலபேர் கீழ மரத்தடிக்குப் போயிடுவாங்க..." என்று நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தது.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சமையற்கட்டுச் சுவரில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி உள்ளிருந்த வாசனையையெல்லாம் தெருவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒருவர் நின்றார். பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். சுமைவண்டிக்காரர் தலைத்துண்டை அவிழ்த்தார். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல், எல்லோரும் ஒரே நேரத்தில் முகத்தைக் கொஞ்சமாக, வெயில் படுகிற அளவுக்கு, மேலே தூக்கினார்கள்.